உபுண்டு தொடங்கும்போதே தொங்கி நிற்கிறது: ஃபோர்மட் அடிக்காமல் மீட்க முடியுமா?

இரசாயன ரீச்சர் | வெள்ளவத்தை | சனி, இரவு 9.10

வணக்கம். உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூசன் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டொப் ஒன்று. 240 ஜிபி எஸ்எஸ்டியில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்), கூடவே 1 டிபி ஹார்ட் டிஸ்க். என் வினாத்தாள்கள், விடைக்குறிப்புகள், பிள்ளைகளின் புள்ளிகள் எல்லாம் அந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கின்றன. 11 வருட உழைப்பு.

வியாழன் பின்னேரம் இடியும் மழையுமாக இருந்தபோது கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது. யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பற்றரி செத்துப் பல மாதம். அதற்குப் பிறகு கணினியைப் போட்டால் உபுண்டு சின்னம் வருகிறது, கீழே வட்டம் சுழல்கிறது, அத்தோடு சரி. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பேன், பிறகு பவர் பட்டனை அமுக்கி அணைத்துவிடுவேன். இப்படி ஏழு எட்டுத் தரம் ஆகிவிட்டது.

பக்கத்துக் கடையில் விசாரித்தேன். கொண்டு வாருங்கள், ஃபோர்மட் அடித்துத் தருகிறோம், டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வருகிற சனிக்கிழமை 46 பிள்ளைகளுக்கு மாதிரிப் பரீட்சை. வினாத்தாள் உள்ளேதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

வத்தளை வாசகன் | சனி, இரவு 9.32

ரீச்சர், எனக்கும் போன வருடம் இதே மாதிரி வந்தது. பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, எஸ்எஸ்டியில் மட்டும் புதிதாக நிறுவினேன், அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. உங்கள் கோப்புகள் வேறு டிஸ்கில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. காரணம் தேடி நாளை வீணாக்குவதைவிட இது கெதியான வழி என்று நினைக்கிறேன்.

கர்னல்காரன் | கொட்டாஞ்சேனை | சனி, இரவு 10.05

ரீச்சர், தயவுசெய்து இன்றிரவு எதையும் நிறுவ வேண்டாம். வத்தளை நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் புதிதாக நிறுவினால், பழுது ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பட்சத்தில் அது அப்படியே இருக்கும். நிறுவும்போது ஒரு தட்டில் தவறான டிஸ்க்கைத் தெரிவுசெய்துவிட்டால் 11 வருடமும் போய்விடும். நான் வேலை செய்யும் இடத்தில் இதை ஒரு தரம் கண்டிருக்கிறேன். அந்த மனிதர் அழுததை இன்னும் மறக்கவில்லை.

சுழலும் வட்டம் ஒரு திரைச்சீலைதான். அதற்குப் பின்னால் கணினி ஒவ்வொரு வரியாகப் பேசிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தச் சீலையை விலக்குவது.

வட்டம் வந்தவுடன் எஸ்கேப் விசையை ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்துகள் தெரியும். தெரியாவிட்டால், கணினி எழும்பும்போதே எஸ்கேப்பைத் தட்டுங்கள், பழைய பயோஸ் என்றால் ஷிஃப்டைப் பிடித்திருங்கள். கிரப் பட்டியல், அதாவது எந்தச் சிஸ்டத்தைத் தொடங்குவது என்று தெரிவுசெய்யும் பட்டியல், வரும். முதல் வரியில் நின்று ஈ எழுத்தை அமுக்கினால் சில வரிகள் திறக்கும். அதில் லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் குவையட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டையும் அழித்துவிட்டு எஃப்10 அமுக்குங்கள். இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், எதுவும் நிரந்தரமாக மாறாது. பயப்பட வேண்டாம்.

அதன் பிறகு ஐந்து நிமிடம் கை வைக்காமல் இருங்கள். கடைசியாக நிற்கும் வரிகளைப் போனில் படம் எடுத்துப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் அணைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மொறட்டுவை மாணவி | சனி, இரவு 10.20

ரீச்சர், அதில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்ட் இருக்கிறதா? என் கணினி கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரையோடு நின்றது. அண்ணா சொன்ன அதே வரியின் கடைசியில் நோமோட்செட் என்று ஒரு சொல்லைச் சேர்த்தபோது திறந்தது. உள்ளே போனதும் கார்டுக்கு உரிய டிரைவரைத் திரும்ப நிறுவினேன், அதன் பிறகு அந்தச் சொல் தேவைப்படவில்லை.

இன்னொன்று. நிற்கும்போது கீபோர்டில் கெப்ஸ் லொக்கை அமுக்கிப் பாருங்கள். விளக்கு பற்றி அணைந்தால் கர்னல் உயிரோடுதான் இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விளக்கு அசையாமலே இருந்தால் உறைந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். எனக்கு அன்றைக்கு விளக்கு வேலை செய்தது. போனிலிருந்து வைஃபை வழியாக எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் உள்ளே போகவும் முடிந்தது. கணினி ஓடிக்கொண்டிருந்தது, திரை மட்டும்தான் இல்லை.

இரசாயன ரீச்சர் | ஞாயிறு, காலை 7.45

கார்ட் எதுவும் இல்லை பிள்ளை, இன்டெலின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ்தான். கெப்ஸ் லொக் விளக்கு வேலை செய்கிறது.

எஸ்கேப் அமுக்கினேன். எழுத்துகள் வந்தன! பச்சை நிறத்தில் ஓகே, ஓகே என்று வரிசையாக ஓடின. பிறகு ஒரு வரியில் சிவப்பு நட்சத்திரங்கள் அங்குமிங்கும் அசைந்தன. ஸ்டார்ட் ஜொப் ஒன்று ஓடுகிறது என்றும், டிஸ்க் ஒன்றின் நீண்ட இலக்கமும், பக்கத்தில் ஒரு நேரக் கணக்கும் இருந்தன. 1 நிமிடம் 30 விநாடி ஆனதும் டைம் அவுட் என்றது. அடுத்து எமர்ஜென்சி மோட் என்று எழுதி, என்டர் அமுக்கச் சொல்லி நின்றது. படம் இணைத்திருக்கிறேன். நான் இவ்வளவு நாளும் அதற்கு முன்னமே அணைத்திருக்கிறேன்.

கர்னல்காரன் | ஞாயிறு, காலை 8.15

இதைத்தான் சந்தேகப்பட்டேன். நல்ல செய்தி ரீச்சர். உங்கள் உபுண்டு பழுதாகவில்லை. அது உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது.

நடப்பது இதுதான். கணினி எழும்பியதும் மதர்போர்ட்டின் ஃபர்ம்வெயார் கிரப்பை எழுப்பும். கிரப், கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிகச் சிஸ்டத்தையும் நினைவகத்தில் ஏற்றும். அது உண்மையான ரூட் பகுதியை (உபுண்டு இருக்கும் டிஸ்க் பகுதியை) கண்டுபிடித்து, மற்றச் சேவைகளை எல்லாம் தொடக்கும் சிஸ்டம்டியிடம் பொறுப்பைக் கொடுக்கும். சிஸ்டம்டி, ஈடிசி அடைவிலுள்ள எஃப்எஸ்டேப் என்ற கோப்பைப் படித்து, அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு டிஸ்க் பகுதியையும் தேடும். பகுதிகளை அது யூயூஐடி என்ற நீண்ட இலக்கத்தால் அடையாளம் காணும். படத்தில் தெரிவது அந்த இலக்கம்தான்.

தேடிய பகுதி கிடைக்காவிட்டால் 90 விநாடி காத்திருக்கும். அது சிஸ்டம்டியின் வழக்கமான எல்லை. கிடைக்காமலே போனால், கட்டாயம் தேவை என்று எழுதிய ஒரு பகுதி இல்லாமல் மேலே போக மாட்டேன் என்று எமர்ஜென்சி மோடில் நிற்கும்.

எத்தனை விநாடி நிற்கிறது என்பதை எப்போதும் குறித்து வையுங்கள். யார் காத்திருக்கிறார்கள் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். 90 என்றால் முதலில் சிஸ்டம்டியைப் பாருங்கள். எண்ணிக்கையே இல்லாமல் எவ்வளவு நேரமும் நின்றால் டிரைவர், கர்னல் பக்கம் பாருங்கள். தங்கச்சி சொன்ன என்விடியாப் பிரச்சினை அந்த வகை.

இப்போது என்டர் அமுக்குங்கள். உபுண்டுவில் அது உங்களை ரூட் பயனராக (முழு உரிமை உள்ளவராக) உள்ளே விடும். டெபியனில் ரூட் கணக்குப் பூட்டப்பட்டிருந்தால் விடாது, அங்கே பென் டிரைவிலிருந்துதான் போக வேண்டும். உள்ளே எல்எஸ்பிஎல்கே என்று தட்டி, எத்தனை டிஸ்க் தெரிகிறது என்று சொல்லுங்கள்.

இரசாயன ரீச்சர் | ஞாயிறு, காலை 8.50

ஒன்றுதான் தெரிகிறது தம்பி. எஸ்எஸ்டி மட்டும். 1 டிபி டிஸ்க் பட்டியலிலேயே இல்லை. டிஸ்க் செத்துவிட்டதா? கை நடுங்குகிறது.

பழைய பெட்டி | தெஹிவளை | ஞாயிறு, காலை 9.20

ரீச்சர், பொறுங்கள், டிஸ்க் செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நான் 20 வருடத்துக்கு மேலாகக் கணினி திருத்துகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடற்கரை ஓரத்து வீடுகளிலிருந்து வரும் பெட்டிகளில் நான் முதலில் பார்ப்பது கேபிள் முனைகளை. உப்புக்காற்று உள்ளே போய் இணைப்பு முனைகளில் பாசி மாதிரிப் படிந்துவிடும். நீங்கள் காலி வீதிக்குக் கடல் பக்கமா, மற்றப் பக்கமா?

உள்ளே இருக்கும்போதே கர்னலின் பதிவைப் பாருங்கள், டிமெஸ்ஜி என்ற கட்டளை. அதில் ஏடிஏ என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். லிங்க் டவுன், கொம்ரீசெட் ஃபெயில்ட் என்று இருக்கிறதா? வேகத்தை 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கும், 3இலிருந்து 1.5க்கும் குறைத்த மாதிரி வரிகள் உண்டா? அப்படி இருந்தால் டிஸ்க் பேச முயல்கிறது, வழியில்தான் தடங்கல்.

இரசாயன ரீச்சர் | ஞாயிறு, காலை 9.55

கடல் பக்கம் ஐயா. மரைன் டிரைவுக்கு ஒரு வீடு தள்ளி. யன்னல் பூட்டுவதே இல்லை.

நீங்கள் சொன்ன கொம்ரீசெட் வரி மூன்று தரம் இருக்கிறது. 1.5க்குக் குறைத்ததாகவும் ஒரு வரி. கடைசியில் லிங்க் டவுன்.

பழைய பெட்டி | ஞாயிறு, காலை 10.10

அப்படியானால் முதலில் கேபிளை மாற்றுவோம். பவரை அணைத்து, சுவரில் இருக்கும் ப்ளக்கையும் கழற்றுங்கள். பக்க மூடியைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இரண்டு வயர் வரும். மெல்லிய தட்டையானது சாட்டா டேட்டா கேபிள், அகலமானது பவர். டேட்டா கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிப் புதியதைப் போடுங்கள். மதர்போர்ட்டில் வேறு சாட்டா துளை இருந்தால் அதில் செருகுங்கள். பவர் வயரையும் பவர் சப்ளையிலிருந்து வரும் இன்னொரு முனைக்கு மாற்றுங்கள். கேபிள் பெரிய விலை இல்லை, யுனிட்டி பிளாசாவில் வாங்கலாம். இரண்டு முனையிலும் இரும்புக் கிளிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், கிளிப் இல்லாதது நாளடைவில் தளர்ந்துவிடும்.

பழைய முனையை ரப்பரால் தேய்த்து அதையே போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இன்னும் ஒரு மாதத்தில் திரும்பி வரும். புதியதே போடுங்கள்.

கர்னல்காரன் | ஞாயிறு, காலை 10.30

ஐயா சொல்வது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டிஸ்க் திரும்பத் தெரிந்தால் உடனே எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். எஃப்எஸ்சிகே கோப்பு முறைமையைத் திருத்த எழுதும். டிஸ்க்கின் மேற்பரப்பே பழுதாகிக்கொண்டிருந்தால் அந்த எழுத்தே கேடு செய்யும்.

முதலில் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி தரும். நான்கு எண்கள் போதும். 5ஆம் எண், மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை. 198, திருத்தவே முடியாதவை. 199, கேபிளில் வந்த பிழைகள். முதல் மூன்றும் பூச்சியமாகவும் 199 மட்டும் பெரிதாகவும் இருந்தால் பெரும்பாலும் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை, குற்றம் கேபிளில்தான். 197 கூடியிருந்தால் நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லுங்கள். டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்குப் பிரதி எடுத்த பிறகே மற்ற வேலை.

எல்லாம் சுகமாக இருந்தால்கூட முதலில் வினாத்தாளையும் புள்ளிகளையும் பென் டிரைவுக்கு எடுங்கள். திருத்துவது அதற்குப் பிறகுதான்.

மட்டக்குளிப் புதுமுகம் | ஞாயிறு, பகல் 12.05

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கும் 1 நிமிடம் 30 விநாடி நின்று எமர்ஜென்சி மோட் வருகிறது, ஆனால் லேப்டொப். வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு நின்றதால் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் போட்டேன். வின்டோஸும் இருக்கிறது. படங்கள் இருக்கும் வின்டோஸ் பகுதியை எஃப்எஸ்டேப்பில் நானே சேர்த்திருந்தேன். இரண்டு கிழமை நன்றாக ஓடியது. நேற்று வின்டோஸில் அந்தப் பகுதியைச் சுருக்கி இரண்டாகப் பிரித்துத் திரும்ப ஃபோர்மட் செய்தேன்.

கர்னல்காரன் | ஞாயிறு, பகல் 12.30

தம்பி, பதில் உங்கள் கடைசி வசனத்திலேயே இருக்கிறது. ஃபோர்மட் செய்தால் பகுதிக்குப் புதிய யூயூஐடி வந்துவிடும். எஃப்எஸ்டேப்பில் இருப்பது பழையது. எமர்ஜென்சி மோடில் உள்ளே போக விட்டால் பிஎல்கேஐடி கட்டளையில் புதிய இலக்கத்தைப் பார்த்து, நானோவில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து மாற்றுங்கள். அவசரத்துக்கு அந்த வரியின் முன்னால் ஒரு # போட்டாலும் போதும், திறந்துவிடும். கோப்பை எழுத விடாவிட்டால் ரூட் பகுதியை எழுதக்கூடிய விதமாகத் திரும்ப மவுன்ட் செய்ய (இணைக்க) வேண்டும்.

வின்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை வின்டோஸ் முழுமையாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் என்டிஎஃப்எஸ் (வின்டோஸின் கோப்பு முறைமை) பகுதியை லினக்ஸ் எழுதும் உரிமையோடு எடுக்க மறுக்கும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் இன்னொரு நாள் அதனாலேயே நிற்கலாம்.

மட்டக்குளிப் புதுமுகம் | ஞாயிறு, பகல் 1.15

# போட்டவுடன் திறந்தது. புதிய இலக்கத்தையும் எழுதிவிட்டேன். மிக்க நன்றி அண்ணா.

இரசாயன ரீச்சர் | ஞாயிறு, மாலை 5.40

மகனோடு பம்பலப்பிட்டிக்குப் போய்க் கேபிள் வாங்கி வந்தோம். பழையதைக் கழற்றியபோது முனையில் பச்சை நிறம். அதைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. செம்பு, ஈரம், குளோரைட். இதை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். என் வீட்டுப் பெட்டிக்குள் நடப்பதை நினைக்கவேயில்லை.

புதியதைப் போட்டு வேறு துளையில் செருகினோம். டிஸ்க் தெரிகிறது! 5ஆம் எண் 0, 197 0, 198 0, 199இல் 1,417. எல்லாவற்றுக்கும் முதல் வினாத்தாள்களைப் பென் டிரைவில் எடுத்துவிட்டேன். பிறகு தம்பி சொன்னபடி, மவுன்ட் செய்யாத நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டினோம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது, கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு குறை மட்டும். கணினி திறக்கிறது, ஆனால் திறக்க இரண்டு நிமிடத்துக்கும் மேலாகிறது. முன்பு அரை நிமிடம்கூட இல்லை.

பழைய பெட்டி | ஞாயிறு, மாலை 6.00

1,417 என்பது இத்தனை நாளும் சேர்ந்த கணக்கு. கேபிள் மாற்றினாலும் அது பூச்சியத்துக்குத் திரும்பாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். இனிக் கூடாமல் இருந்தால் சரி. எழுதி வைத்து ஒரு கிழமை கழித்துப் பாருங்கள்.

கர்னல்காரன் | ஞாயிறு, மாலை 6.20

மிகவும் சந்தோஷம் ரீச்சர். நிறையப் பேர் அழித்துவிட்டுத் தொடங்குவார்கள், நீங்கள் பொறுமையாகப் படித்தீர்கள்.

இப்போது அந்த இரண்டு நிமிடம். சிஸ்டம்டி அனலைஸ் என்ற கட்டளை மொத்த நேரத்தைப் பிரித்துக் காட்டும். கர்னலுக்கு எவ்வளவு, யூசர்ஸ்பேஸுக்கு (கர்னலுக்குப் பிறகு தொடங்கும் சேவைகளுக்கு) எவ்வளவு என்று போடுங்கள். அதோடு, இன்று வேறு எதையாவது மாற்றினீர்களா?

இரசாயன ரீச்சர் | ஞாயிறு, இரவு 7.05

கர்னல் 35 விநாடி, யூசர்ஸ்பேஸ் 1 நிமிடம் 44 விநாடி.

மகனிடம் கேட்டேன். நேற்றிரவு நான் படுத்த பிறகு, அவனுக்குப் பொறுக்கவில்லை, உபுண்டு பென் டிரைவிலிருந்து திறந்து பார்த்திருக்கிறான். ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை. எஸ்எஸ்டியில் 8 ஜிபி அளவில் ஸ்வாப் என்று ஒரு பகுதி இருந்ததாம், அது பழுதாகியிருக்கலாம் என்று நினைத்து அதைத் திரும்ப ஃபோர்மட் செய்தானாம். எனக்காகத்தான் செய்தான். அதனால் ஏதும் ஆகியிருக்குமா?

மொறட்டுவை மாணவி | ஞாயிறு, இரவு 7.20

அண்ணா, நான் முயன்று பார்க்கட்டுமா? ஸ்வாப்பை ஃபோர்மட் செய்ததால் அதன் யூயூஐடி மாறியிருக்கும். எஃப்எஸ்டேப்பில் பழையது. சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும். ஸ்வாப் என்பது நினைவகம் நிறையும்போது உதவும் மேலதிக இடம், அது இல்லாவிட்டாலும் கணினி இயங்கலாம் என்பதால் எமர்ஜென்சி மோடுக்குப் போகாமல் தொடர்கிறது. ஆனால் கர்னலில் ஏன் 35 விநாடி என்று விளங்கவில்லை.

கர்னல்காரன் | ஞாயிறு, இரவு 7.45

சரியாகப் பிடித்தீர்கள் தங்கச்சி. மிச்சம் 30 விநாடிக்கும் அதே ஸ்வாப்தான் காரணம், ஆனால் காத்திருப்பவர் வேறு. சிஸ்டம்டி வருவதற்கு முன்னமே இனிட்ராம்எஃப்எஸ் ஒரு கேள்வி கேட்கும்: கடைசியாக இந்தக் கணினி ஹைபர்னேட் நிலைக்கு (நினைவகத்தை டிஸ்கில் சேமித்துவிட்டு அணையும் உறக்கத்துக்கு) போனதா, போயிருந்தால் அந்த நினைவகப் பிரதி எந்த ஸ்வாப்பில் இருக்கிறது? அந்த ஸ்வாப்பின் பழைய இலக்கம் அதற்குள் பதிந்திருக்கிறது. இல்லாத ஒன்றை 30 விநாடி தேடிவிட்டுக் கைவிடும். கணக்கில் அது கர்னல் நேரத்தோடு சேர்ந்துதான் வரும், அதனால்தான் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். எஸ்கேப் அமுக்கிப் பார்த்தால் சஸ்பென்ட், ரெஸ்யூம் சாதனத்துக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி தெரியும்.

ரீச்சர், மகனை ஏச வேண்டாம். இன்னொரு லினக்ஸை நிறுவும்போது அதன் இன்ஸ்டோலரே ஸ்வாப்பை ஃபோர்மட் செய்து, பழைய லினக்ஸை இப்படித் தாமதமாக்குவது வழக்கமாக நடப்பது.

அவனையே திருத்தச் சொல்லுங்கள். பிஎல்கேஐடியில் ஸ்வாப்பின் புதிய இலக்கத்தை எடுத்து எஃப்எஸ்டேப்பில் பழையதன் இடத்தில் எழுத வேண்டும். பிறகு ஈடிசி அடைவில் இனிட்ராம்எஃப்எஸ் டூல்ஸ், அதற்குள் கொன்ஃப் டி, அதற்குள் ரெஸ்யூம் என்ற கோப்பு இருந்தால் அதிலும் அதே இலக்கம். கடைசியாக அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை யூ தெரிவோடு ஓட்ட வேண்டும். இதை மறந்தால் கோப்பை மாற்றியும் பயனில்லை, பழைய பிரதியே எழும்பும்.

எஃப்எஸ்டேப் திறந்திருக்கும்போதே 1 டிபி டிஸ்க்கின் வரியில் நோஃபெயில் என்ற சொல்லையும், சாதனத்துக்கான காத்திருப்பு எல்லை 10 விநாடி என்ற தெரிவையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை டிஸ்க் தெரியாவிட்டாலும் கணினி திறக்கும்.

பழைய பெட்டி | ஞாயிறு, இரவு 8.10

தம்பி, நோஃபெயில் போடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் ரீச்சருக்குச் சொல்ல வேண்டும். டிஸ்க் ஏறாத நாளில் அந்த ஃபோல்டர் வெறுமையாகத் தெரியும். கணினி எதுவும் முறையிடாது. அவர் புதிய வினாத்தாளை அதற்குள் சேமித்தால் அது எஸ்எஸ்டியில் போய் உட்காரும். பிறகு டிஸ்க் ஏறியவுடன் அந்தக் கோப்பு மறைந்துவிடும், காணவில்லை என்று தேட வேண்டி வரும். என்னிடம் ஒருவர் இப்படி மூன்று மாதக் கணக்குப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வந்தார். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஃபோல்டரைத் திறந்தபோது அத்தனையும் அதன் அடியில் இருந்தன.

கர்னல்காரன் | ஞாயிறு, இரவு 8.25

உண்மை ஐயா, சொல்ல மறந்துவிட்டேன். ரீச்சர், டிஸ்க் மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெறும் ஃபோல்டருக்கு சிஎச்அட்டர் கட்டளையால் மாற்ற முடியாத தன்மையைக் கொடுத்துவிடலாம். டிஸ்க் ஏறாத நாளில் யாராலும் அதில் எழுத முடியாது, சேமிக்கும்போதே பிழை காட்டும். டிஸ்க் ஏறிய நாளில் வழக்கம் போல வேலை செய்யும். பென் டிரைவிலிருந்து திறந்து செய்வது வசதி. படிப்படியாக நாளைக்கு எழுதுகிறேன்.

வத்தளை வாசகன் | ஞாயிறு, இரவு 9.00

முதலில் திரும்ப நிறுவச் சொன்னவன் நான். அது பிழை என்று இப்போது விளங்குகிறது. ரீச்சர் அப்படிச் செய்திருந்தால் எஸ்எஸ்டி புதிதாக இருந்திருக்கும், ஹார்ட் டிஸ்க் அப்போதும் தெரிந்திருக்காது.

என் போன வருடத்துப் பிரச்சினையையும் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். லொகின் திரை வராமல் கறுப்பாக நின்றது. அதற்கு இரண்டு நாள் முன் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று ஒரு எச்சரிக்கை வந்தது, நான் மூடிவிட்டேன். அதுவாக இருந்திருக்குமா?

மொறட்டுவை மாணவி | ஞாயிறு, இரவு 9.25

பெரும்பாலும் அதுதான் அண்ணா. ரூட் பகுதி நிறைந்தால் லொகின் திரைக்கு எழுத இடமில்லாமல் நின்றுவிடும். கன்ட்ரோல், ஓல்ட்டோடு எஃப்3 அமுக்கினால் எழுத்துத் திரை வரும். அங்கே டிஎஃப் கட்டளையில் 100 சதவீதம் என்று தெரிந்தால், ஏப்டி (மென்பொருள் நிறுவும் கருவி) சேர்த்து வைத்த பொதிகளையும் ஜேர்னல் என்ற பதிவேட்டின் பழைய பதிவுகளையும் நீக்கினாலே பல ஜிபி கிடைக்கும். எங்கள் விடுதியில் இருவருக்கு அப்படித் திறந்து கொடுத்திருக்கிறேன்.

இரசாயன ரீச்சர் | ஞாயிறு, இரவு 10.15

மகன் உட்கார்ந்து எல்லாம் மாற்றினான், நான் பக்கத்திலிருந்து இலக்கங்களை வாசித்துக் கொடுத்தேன். இப்போது கர்னல் 5 விநாடி, யூசர்ஸ்பேஸ் 17 விநாடி. மொத்தம் 22.

நாளை யூபிஎஸ்ஸுக்குப் பற்றரி வாங்கப் போகிறோம். ஐயா, பெட்டியை யன்னல் பக்கத்திலிருந்து உள் அறைக்கு மாற்றினால் உதவுமா?

பழைய பெட்டி | ஞாயிறு, இரவு 10.30

கட்டாயம் உதவும். காற்று நேராக அடிக்காத இடமாகப் பாருங்கள். தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். சிலர் ஈரம் போகாது என்று பொலித்தீனால் மூடுகிறார்கள், அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும், வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் ஓட விட்டால் உள்ளே சூடாகி ஈரம் தங்காது. வருடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து முனைகளைப் பாருங்கள்.

இரசாயன ரீச்சர் | அடுத்த ஞாயிறு, காலை 8.20

நேற்று 46 பிள்ளைகளும் பரீட்சை எழுதினார்கள். பெட்டி உள் அறைக்குப் போய்விட்டது. யூபிஎஸ் பற்றரியும் புதிது. வெள்ளிக்கிழமை மழையில் கரண்ட் போனபோது முறைப்படி அணைக்க நேரம் கிடைத்தது.

199ஆம் எண்ணைச் சற்று முன் பார்த்தேன். இன்னும் 1,417தான்.